நீர்ப்பனியும் உறைபனியும்

மார்கழி பிறந்துவிட்டால் நமது சூலூரில் ஒரு வேடிக்கையைக் காணலாம். விடியற்காலையில் திருச்சி சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் பாதிப் பேர் தலையில் துண்டைச் சுற்றிக் காதை மறைத்திருப்பார்கள். பால்காரர் கம்பளிக் குல்லாயுடன் வருவார். பெரிய குளத்தங்கரையில் தினந்தோறும் உலாவி வரும் பெரியவர்களில் சிலர் அந்த நல்ல வழக்கத்தைப் பொங்கல் வரையில் ஒத்தி வைத்துவிடுவார்கள். இருவர் சந்தித்தால் குசல விசாரணைக்கு முன்பே, "ஏனுங்க, என்ன பனிங்க இது! ஒடம்பே வெறைக்குதுங்க" என்பதுதான் பேச்சு. உஷ்ணமானியை எடுத்துப் பார்த்தால் அது 18 டிகிரியோ 19 டிகிரியோ காட்டும். நாமும் துண்டு சுற்றும் கட்சியே என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

இந்தப் பனியைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வகுப்பறையில் உண்டாயிற்று. எட்டாம் வகுப்புக்குப் பெரும்பொழுதுகள் ஆறையும் விளக்கிக்கொண்டிருந்தோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று கரும்பலகையில் எழுதி, மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று சொல்லி முடித்தோம். குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பொழுதுகளாகத் தொல்காப்பியர் வகுத்திருப்பதையும் சொன்னோம். அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஐயா, ஊட்டியில் தரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற படம் பார்த்தேனுங்க. அந்தப் பனியும் நம்மூர்ப் பனியும் ஒன்றுதானுங்களா?" என்று கேட்டான்.

நாம் ஏதோ பதில் சொன்னோம். அந்தப் பதில் அவனுக்குத் திருப்தியளிக்கவில்லை என்பது அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நமக்கும் திருப்தியில்லை. சர்வகலாசாலைப் பட்டம் பெற்று, இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தும், நாம் உறைபனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மழை பெய்து ஓய்ந்த காலை வேளைகளில் பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து வடமேற்கே நோக்கினால் நீலகிரி ஒரு நீலக் கோடாகத் தெரியும். அத்தனை அருகில் இருந்தும் கோடை காலத்தில் மட்டுமே அங்கே போகிறோம். கோடைக்குப் போகிறவர்கள் மலையின் மறுபாதி வாழ்க்கையைப் பார்ப்பதில்லை.

பையனுடைய கேள்வியிலும் ஒரு நியாயம் இருந்தது. நம்முடைய பாஷை பனி என்ற ஒரே சொல்லுக்குள் பல காரியங்களை அடக்கிவிட்டது. புல் நுனியில் முத்துப்போல் நிற்பதும் பனி. சாலையை மறைக்கும் புகைபோன்ற மூட்டமும் பனி. இமயத்தில் அடுக்கடுக்காகக் கிடப்பதும் பனி. சமவெளியில் வாழ்ந்த ஜனங்களுக்கு இதற்கு மேல் பிரித்துப் பார்க்க அவசியம் நேரவில்லை. கனடாவில் குடியேறிய ஈழத் தமிழர்களுக்கு அந்த அவசியம் நேர்ந்தபோது அவர்கள் தயங்காமல் 'ஸ்னோ கொட்டுகிறது' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் நீலகிரிவாசிகள் யாரிடமும் கடன் வாங்காமல் தாமே இரண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் விழுவது நீர்ப்பனி. குளிர் முற்றியபின் விழுவது உறைபனி. நீர்ப்பனி இலையை நனைக்கும். உறைபனி இலையைக் கருக்கும். 'விழுகிறது' என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது மேலிருந்து விழுவதில்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த புல்லின் மீதும் தரையின் மீதும் படிந்து உறைகிறது. இமயத்தில் ஆகாயத்திலிருந்து உதிரும் வெண்பனி வேறு; நீலகிரியில் தரையில் பூக்கும் இந்த உறைபனி வேறு. உதகையை 'குட்டிக் காஷ்மீர்' என்று எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தேவைப்படுவதில்லை.

இதோடு ஒரு வேடிக்கையும் உண்டு. உதகைக்குத் தென்மேற்கே அவலாஞ்சி என்று ஓரிடம். அந்த ஆங்கிலச் சொல் சாதாரணமாகப் பனிச்சரிவைக் குறிப்பது. அங்கே பனி சரிந்ததே கிடையாது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மண் சரிந்தது. துரைமார்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பனிக்குப் பெயர் பெற்ற அதே ஊரில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கோயமுத்தூர் ஒரு வருஷம் முழுவதும் காணும் மழையைவிட அது அதிகம். மலையின் சுபாவம் இப்படிப்பட்டது.

கல்லூரியில் நம்மோடு படித்த படகர் நண்பர் ஒருவர் தலைகுந்தாவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் விவசாயம் செய்கிறார். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட், இரண்டு பசுக்கள். அவருடன் டெலிபோனில் பேசி, "பொங்கல் கழிந்த வாரக் கடைசியில் ஒன்பது மாணாக்கரை அழைத்துக்கொண்டு வரலாமா? பையன்களுக்கு உறைபனியைக் காட்ட வேண்டும்" என்று கேட்டோம்.

"தாராளமாக வாருங்கள். ஆனால் பனி வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. வரக்கூடாது என்றுதான் நாங்கள் தினமும் வேண்டிக்கொள்கிறோம்" என்றார்.

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பது பிற்பாடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறினோம். கல்லாறு தாண்டியதும் பாக்கு மரங்கள், பிறகு பர்லியாறு, குன்னூர் வரையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் இரண்டு பையன்களுக்கு வயிற்றைப் புரட்டியது. சூலூருக்கும் உதகைக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரி ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கை வழியில் போடச் சொன்னோம். பன்னிரண்டு டிகிரி குறைய வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். சூலூரில் 18 என்றால் உதகையில் 6 என்று ஒருவன் அறிவித்தான். "அப்படியானால் தண்ணீர் எப்படி உறையும், ஐயா?" என்று முதலில் கேள்வி கேட்ட பையனே மறுபடியும் கேட்டான். அவனிடம் நாம் சற்று ஜாக்கிரதையாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

விடை அன்று மாலை நண்பருடைய வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. தரையானது பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் ஆகாயத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேகம் மூடியிருந்தால் அதில் ஒரு பங்கு மறுபடியும் தரைக்கு வந்து சேரும். பூமிக்கு அதுவே கம்பளி. வானம் நிர்மலமாகவும் காற்று அசையாமலும் இருந்துவிட்டால் தரையின் சூடு முழுவதும் போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர்போல் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். ஆகையால்தான் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாச் சிகரத்தைவிட, அதற்குக் கீழே பள்ளத்திலுள்ள காந்தலிலும் தலைகுந்தாவிலும் பல இரவுகளில் உறைபனி அதிகம். உஷ்ணமானியைத் தரைக்கு நாலடி உயரத்தில் நிழற்பெட்டிக்குள் வைப்பது முறை. அது 2 அல்லது 3 டிகிரி காட்டும்போது கீழே புல்லின் மேல் தண்ணீர் உறைந்து கிடக்கும். 2024 ஜனவரி மத்தியில் காந்தலிலும் தலைகுந்தாவிலும் 1 டிகிரி, உதகைத் தாவரவியல் பூங்காவில் 2 டிகிரி என்று செய்தி வந்தது. அந்தக் காலைகளில் புல்வெளி வெள்ளையாகவே இருந்தது.

"எல்லாம் தெரிந்துதானே இருக்கிறது. பின் எப்போது வரும் என்று முன்னதாகச் சொல்ல முடியாதா?" என்று கேட்டோம்.

"நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரையில் எந்த ராத்திரியும் வரலாம் என்று சொல்லலாம். இன்றைக்கு வருமா என்று மட்டும் சொல்ல முடியாது. வங்காளக் கடலில் எங்கேயோ ஒரு புயற்சின்னம் கிளம்பினால் இங்கே மேகம் வந்து மூடிக்கொள்ளும், பனி வராது. சில வருஷம் நவம்பரிலேயே வந்துவிடும். சில வருஷம் ஜனவரி வரையில் போக்குக் காட்டிவிட்டு, இனி இல்லை என்று நினைத்திருக்கும்போது வரும். அப்படி வருவதுதான் மோசம்" என்றார் நண்பர்.

அவருடைய தாயாருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். அம்மையார் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கள் பேச்சைக் கவனியாமல், ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே மேகம் திரண்டிருந்தது. "இன்னிக்குத் தூங்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். நம் மாணாக்கர்களின் முகம் விழுந்துவிட்டது. சூலூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, ஒருவன் பாட்டியிடம் சண்டை போட்டு வாங்கிவந்த கம்பளிச் சட்டையும் வீணாகப் போகிறதே என்று அவர்களுக்கு வருத்தம். ஒருவன் வாய்விட்டே, "மேகம் கலையட்டும் சாமி" என்றான். நண்பர் காதில் அது விழுந்திருக்கும்.

மலையின் வானிலை சொல்லாமல் மாறுவதைப் பற்றிச் சூலூர்வாசிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8-ந் தேதி முற்பகல் நமது ஊர் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டர் வெலிங்டனுக்குக் கிளம்பியது. முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய மனைவியார் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். அரை மணி நேரப் பிரயாணந்தான். குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்து நொறுங்கியது. 13 பேர் அன்றே மாண்டார்கள். குரூப் காப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி உயிர் நீத்தார். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராத விதமாக மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது, விமானிக்கு நிலை தடுமாறியது என்று விமானப்படையின் விசாரணைக் குழு அடுத்த மாதம் தெரிவித்தது. நஞ்சப்பசத்திரத்து ஏழைக் குடும்பத்தார் தண்ணீர்க் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தங்கள் வீட்டுப் போர்வைகளையும் கம்பளிகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். காயம்பட்டவர்களையும் மாண்டவர்களையும் சுமந்தது அந்தக் கம்பளிகள்தாம். டிசம்பர் மாதத்தில் மலையில் ஒரு குடும்பம் தன் கம்பளியைக் கொடுத்துவிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த இரவு நண்பர் வீட்டில் மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது நாம் அறிந்துகொண்டோம்.

குளிர் தாங்காமல் ஒரு கரியடுப்பை உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று நம்முடன் வந்திருந்த இளம் ஆசிரியர் கேட்டார். நண்பர் திடுக்கிட்டுப் போனார். மூடிய அறையில் கரியைப் பற்றவைத்துக்கொண்டு படுப்பவர்கள் அதன் விஷவாயுவினால் தூக்கத்திலேயே இறந்துபோவது மலைவாசஸ்தலங்களில் நடக்கும் விஷயம். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குடும்பத்தோடு மலைக்குச் செல்லும் வாசக நேயர்கள் இதை மட்டும் மறவாமல் இருக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

இரவு பத்து மணிக்கு மேல் கதவு திறக்கும் சப்தம் கேட்டு விழித்தோம். நண்பர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். நாமும் வெளியே வந்தோம். ஒரு துண்டு மேகம்கூட இல்லை. சூலூர் ஆகாயத்தில் நாம் பார்த்தே இராத அவ்வளவு நட்சத்திரங்கள். இலை அசையவில்லை. பையன்களும் ஒவ்வொருவராக வெளியே வந்து, மேகம் கலைந்ததைக் கண்டு குதித்தார்கள். "அழகாக இருக்கிறது" என்றோம் நாமும். அவர் குல்லாயைக் காது வரையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்கள் படுங்கள், ஸார்" என்று சொல்லிவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்.

இளந்தேயிலையைக் காப்பதற்கு வழி உண்டு. காய்ந்த பெரணியையும் புல்லையும் அறுத்து வந்து செடிகளின் மேல் மூடி வைப்பார்கள். உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு இப்படியே கூரை கட்டுகிறார்கள். மயிலுக்குக் குளிருமோ என்று போர்வை அளித்த பேகன், நமது கொங்குச் சீமையின் எல்லையிலுள்ள பழனிமலைப் பக்கத்துத் தலைவன். அவன் செய்ததைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் யாராவது ஒரு பையன் சொல்வதுண்டு. மலையில் வாழ்கிறவர்கள் செடிக்கே போர்வை போர்த்துகிறார்கள். ஆனால் போர்வைக்கு ஆள் கூலி வேண்டும். எந்த ராத்திரி வரும் என்று தெரியாததால் நவம்பர் முதலே மூடி வைத்திருக்க வேண்டும். கூலி கொடுக்க முடிந்தவர் முழுத் தோட்டத்தையும் மூடுகிறார். முடியாதவர் பாதியை மூடிவிட்டு மீதிப் பாதிக்காக ஆகாயத்தைப் பார்க்கிறார். நண்பர் பாதியை மூடியவர்.

இன்னொரு வழி தண்ணீர். பொழுது விடிந்து வெயில் படுவதற்குள் செடியின்மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் சேதம் குறையும். இலைக்குள் இருக்கும் நீர் உறைவதனால் அதன் நுண்ணிய அறைகள் சிதைகின்றன. உறைந்த இலையின் மேல் வெயில் சட்டென்று ஏறினால் இன்னும் கேடு. நெருப்பில் வாட்டியதுபோல் நடுப்பகலுக்குள் கருகிப் போகும். குளிர் செய்த காரியம் சூடு செய்ததுபோலவே காட்சியளிப்பதால்தான் 'கருகிவிட்டது' என்று சொல்கிறார்கள்.

நாலு மணிக்கு மோட்டார் ஓடும் சப்தம் கேட்டது. தண்ணீர் வரவில்லை. குழாய்க்குள் தண்ணீர் உறைந்திருந்தது. பித்தளைக் குடத்தில் வெந்நீர் கொண்டுவந்து குழாயின்மேல் ஊற்றினார் அம்மையார். முற்றத்துக் கொடியில் மாணாக்கர்கள் உலர்த்தியிருந்த துண்டுகள் பலகைபோல் விறைத்து நின்றன. பக்கத்து வீட்டு ஆட்டோவின் கண்ணாடியில் பனி பாளமாகப் படிந்திருந்தது. அதன் சொந்தக்காரர் ஒரு தகரத் துண்டினால் சுரண்டிக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு லாரி போயிற்று. கேரட் அறுவடைக்குச் செல்லும் கூலியாட்கள், ஆணும் பெண்ணுமாக, தலையோடு கால் போர்த்திக்கொண்டு அதில் நின்றிருந்தார்கள். பொழுது விடியுமுன் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டினால்தான் கேரட் நேரத்தோடு மேட்டுப்பாளையத்து மண்டிக்குப் போய்ச் சேரும். அந்தத் தண்ணீரில் கையை வைத்து வேலை செய்கிறவர்களைப் பற்றி, சூலூர்ச் சந்தையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கும்போது நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

கிழக்கு வெளுத்தது. அப்போதுதான் அந்தக் காட்சியை நாமும் நம் மாணாக்கர்களும் கண்டோம். பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே வெள்ளை. யாரோ இரவோடு இரவாக உப்பளம் ஒன்றைக் கொண்டுவந்து பரப்பிவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் ஊசி ஊசியாகப் படிகம். நமக்கும் வயது மறந்துவிட்டது. பையன்கள் ஓடினார்கள், நாமும் பின்னால் ஓடினோம். காலடியில் புல் அப்பளம்போல் நொறுங்கியது. அந்தச் சப்தத்துக்காகவே மறுபடியும் மறுபடியும் மிதித்தார்கள். படம் பிடித்தார்கள். கையில் வழித்து உருட்டிப் பார்த்தார்கள். அது இமயத்துப் பனிபோல் உருளவில்லை, விரற்சூட்டில் கரைந்தது. எல்லாம் வெள்ளையாக இருந்ததனால் புல்தரை எங்கே முடிகிறது, பாத்தி எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஸார், அது கேரட்!" என்ற குரல் கேட்டது.

நண்பர் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூவிக்கூடச் சொல்லவில்லை. நாம் நின்ற இடத்திலேயே நின்றோம். பின்னால் திரும்பிப் பார்த்தால், பாத்தியின் குறுக்கே பத்துப் பன்னிரண்டு அடி தூரத்துக்குக் காலடிகள். சிறிய காலடிகளுக்கு நடுவே பெரிய காலடி ஒன்றும் இருந்தது. அது நம்முடையது.

பையன்கள் ஓடிப்போய்க் குழாயை வாங்கிக்கொண்டார்கள். ஒருவன் நீட்ட, ஒருவன் சுருட்ட, இருவர் தேயிலைச் சரிவில் குடத்தால் மொண்டு தெளித்தார்கள். ஏழரை மணிக்குள் சரிவின் மேற்பாதி நனைந்தது. கீழ்ப்பாதிக்குப் போகுமுன் வெயில் வந்துவிட்டது. அந்த வெயிலைக் கண்டு நாம் முதன்முதலாக வருந்தினோம்.

பதினோரு மணிக்குள் நிறம் மாறத் தொடங்கிற்று. மூடாத தேயிலையின் கொழுந்துகள் முதலில் வாடி, பிறகு செம்பட்டையாகி, மாலைக்குள் பழுப்பாகிவிட்டன. புதுக் கொழுந்து வந்து கிள்ளுவதற்கு ஒன்றரை இரண்டு மாதம் ஆகும் என்றார் நண்பர். அதுவரையில் அந்தப் பாதியிலிருந்து வருமானம் கிடையாது. பறிக்க வரும் இரண்டு பெண்களுக்கும் வேலை கிடையாது. அவர்களில் ஒருத்தியின் பெற்றோர் 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தின் கீழ் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களாம். தேயிலையை விட்டுத் தேயிலைக்கே வந்து சேர்ந்த குடும்பம். நாம் ஆறுதலாக ஏதோ சொல்லப்போனோம். "போன வருஷம் இதைவிட அதிகம் ஸார்" என்று சொல்லி நண்பர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரு ராத்திரிப் பனிக்கு இவ்வளவு சக்தி உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியாக இருக்கலாம், உலகத்துக்குப் புதிதல்ல. 1975 ஜூலையில் பிரேஸில் தேசத்துப் பரானா மாகாணத்தில் விழுந்த உறைபனி அங்குள்ள காப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. உலகமெங்கும் காப்பி விலை ஏறியது. இன்றைக்கும் அதைக் 'கறுப்புப் பனி' என்றே அவர்கள் சொல்கிறார்கள். 2021 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் திராட்சைத் தோட்டங்களில் வரிசை வரிசையாக மெழுகுப் பந்தங்களை இரவெல்லாம் எரியவிட்டார்கள். கார்த்திகை தீபம்போல் அழகாயிருந்த அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்து நாமும் வியந்ததுண்டு. தோட்டக்காரர் யாரும் அழகுக்காக ஏற்றவில்லை என்று இப்போது தெரிகிறது.

மலையின் பழைய குடிகள் இந்தக் குளிரோடு ஒரு சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள் என்றே தோன்றுகிறது. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலையேறி, தம் தாய்நாட்டுக் குளிர் இங்கே இருக்கிறதென்று மகிழ்ந்து ஊர் அமைப்பதற்கு நெடுங்காலம் முன்பே, தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் இங்கே இருந்தார்கள். தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்ற பூவேலைப் போர்வை கனத்த பருத்தித் துணியாலானது. கீழ்நாட்டு நெசவாளர் நெய்த துணியில் அவர்கள் சிவப்பும் கறுப்புமாய்த் தையல் போடுகிறார்கள். பள்ளங்களிலும் சரிவுகளிலும் மரமின்றிப் புல்லாகவே பரந்து கிடப்பதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களில் உறைபனியும் ஒன்று. சோலைக்குள் பனி உறைவதில்லை; வெளியே முளைக்கும் சோலைமரக் கன்றை அது கொன்றுவிடுகிறது. இமயத்தில் உறவினரையுடைய காட்டுப்பூவரசு மட்டும் தைரியமாகப் புல்வெளியில் நின்று சிவப்பாகப் பூக்கிறது. தேயிலைக்கும் கேரட்டுக்கும் அந்தத் தைரியம் இல்லை. அவை வெளியூரிலிருந்து வந்தவை. நம்முடைய தேவைக்காக வந்தவை.

பனி பார்க்க வரும் உல்லாசப் பிரயாணிகளை நாம் குறை சொல்லப் போவதில்லை. 2024 மே மாதம் முதல் உதகைக்கு மோட்டாரில் வருகிறவர்கள் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் விதித்ததே, கூட்டம் எவ்வளவு என்பதற்குச் சாட்சி. தலைகுந்தாச் சாலையோரத்தில் அன்று காலையில் இருபது மோட்டார்களாவது நின்றன. குடும்பம் குடும்பமாகப் புல்வெளியில் இறங்கி விளையாடினார்கள். அவர்களுக்குச் சுக்குக் காப்பியும் காதுக் குல்லாயும் விற்றுப் பிழைப்பவர்களும் மலைவாசிகள்தாம். ஆகவே பனி வர வேண்டும் என்று வேண்டுகிறவர்களும் வரக்கூடாது என்று வேண்டுகிறவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இந்த வழக்கைத் தீர்த்துவைக்க நம்மால் ஆகாது.

மறுநாள் ஊர் திரும்பினோம். மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பையன்கள் தாமாகவே மண்டிப் பக்கம் போய், நீலகிரிக் கேரட் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். ஒன்பது பேரும் எழுதினார்கள். எட்டுப் பேர் வெள்ளைப் பள்ளத்தாக்கை வர்ணித்திருந்தார்கள். கேள்வி கேட்ட பையன் குழாயில் வெந்நீர் ஊற்றிய அம்மையாரைப் பற்றி மட்டும் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய. மதிப்பெண்ணைக் குறைக்க மனம் வரவில்லை.

பத்து நாள் கழித்து நண்பரிடமிருந்து ஒரு படம் வந்தது. தேயிலைச் சரிவின் கீழ்ப்பாதி பழுப்பு; மேற்பாதி ஏறக்குறைய பச்சை. அதற்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லையாம். பையன்களுக்குத் தம் தாயார் ஆசீர்வாதம் சொன்னதாக எழுதியிருந்தார். படத்தின் ஓரத்தில் கேரட் பாத்தியும் தெரிந்தது. அதன் குறுக்கே வரிசையாகக் காலடிகள் கருநிறமாகப் பதிந்திருந்தன. அவற்றைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

படத்தை வகுப்பில் காட்டினோம். வருகிற நவம்பர் விடுமுறையில் பெரணி அறுத்துச் செடிகளை மூடிக் கொடுக்கத் தாங்கள் வருவதாகப் பையன்கள் சொல்கிறார்கள். வீட்டாரிடம் சம்மதக் கடிதம் வாங்கிவரும்படி சொல்லியிருக்கிறோம். இதுவரையில் ஆறு கடிதங்கள் வந்திருக்கின்றன.